அணிகளைப் பணத்துக்கு ஏலம் விடாதீர்கள்: சென்னை அடுக்ககக் கிரிக்கெட் லீக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லீக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலை, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, போரூர் என்று சென்னையைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வருடாவருடம் டென்னிஸ் பால் கிரிக்கெட் லீக் நடத்துகிறீர்களே, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருடைய லீக்குகளில் நான் அம்பயராக நின்றிருக்கிறேன். ஜெர்சிக்கு அளவு வாங்குவதில் இருந்து, மழை பெய்த மறுநாள் காலையில் மைதானத்துத் தண்ணீரை வாளியால் இறைப்பது வரை நீங்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவன். பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாமல் நான்கு வருடம் குடியிருந்தவர்கள் இந்த லீக்கினால் நண்பர்களானதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை உரிமையோடு கேட்கிறேன்.

போன சீசனில் சில குடியிருப்புகளில் புதிதாக நுழைந்திருக்கும் பண ஏலத்தை நிறுத்துங்கள்.

எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்ற குடியிருப்பாளர்களுக்காக விளக்கிவிடுகிறேன். கிளப் ஹவுஸில் புரொஜெக்டர் போட்டு, வீரர்களின் படத்தையும் பிளாக் எண்ணையும் காட்டி, ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ சொல்லி நடத்துகிறோமே, அது பாயிண்ட் ஏலம், அணி ஓனர்கள் பணத்துக்குப் பதில் பாயிண்டுகளைக் கொடுத்து வீரர்களை எடுப்பது. அதில் யாருடைய பாக்கெட்டில் இருந்தும் காசு போவதில்லை. நான் சொல்வது அதற்குப் பிறகு நடப்பது. அணிகள் முடிவானதும், லீக் தொடங்குவதற்கு முந்தைய இரவு, வேறொரு வாட்ஸ்அப் குழுவில் அணிகளையே ஏலம் விடுகிறார்கள். இந்த முறை நிஜப் பணம். அதிக விலை கேட்டவருக்கு அந்த அணி. எல்லாருடைய பணமும் ஜிபேயில் ஒருவரிடம் சேர்கிறது. கோப்பையை வெல்லும் அணியை எடுத்தவருக்கு அதில் பெரும்பங்கு, இரண்டாம் இடம் பிடிக்கும் அணியை எடுத்தவருக்கு அடுத்த பங்கு. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இதற்கு அந்தக் குழுக்களில் ‘கல்கத்தா’ என்று பெயர். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர்கள் அங்கே கோல்ஃப் கிளப்பில் பார்த்ததை இங்கே கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு அணிகள். ஏலத்தில் 14,000, 11,000, 8,000, 6,000, 5,000, 3,000, 2,000, 1,000 என்று போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50,000 ரூபாய். வெற்றி பெறும் அணியை எடுத்தவருக்கு 60 சதவீதம், அதாவது 30,000. இரண்டாம் இடத்துக்கு 30 சதவீதம், 15,000. மீதி 5,000 கடைசி நாள் பிரியாணிக்கு. 14,000 கொடுத்தவரின் அணி இரண்டாவதாக வந்தால் அவருக்கு மிஞ்சுவது 1,000 ரூபாய்தான். கோப்பையை வென்றால் 16,000. ஒரே இறுதி ஆட்டம், அதில் 15,000 ரூபாய் வித்தியாசம். 1,000 ரூபாய்க்குக் கடைசி அணியை எடுத்தவருக்கோ அது ஜெயித்தால் போட்டதைப் போல முப்பது மடங்கு. ஒருவரே இரண்டு அணிகளை எடுத்து, அவை இரண்டும் அரையிறுதியில் மோதினால்? எது ஜெயித்தால் இறுதி ஆட்டத்தில் தனக்கு நல்லது என்று அவர் யோசிக்காமல் இருப்பாரா?

‘வெளியாள் யாரும் இல்லை, புக்கி இல்லை, எல்லாரும் நம்ம ஆட்கள்தான்’ என்று நீங்கள் சொல்வீர்கள். நம்ம ஆட்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, இந்த விளையாட்டு எங்கே தொடங்கி எங்கெல்லாம் போனது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெயர் சொல்வதுபோலவே இது நம் நாட்டில் வெள்ளைக்காரர்களின் பந்தய கிளப்புகளில் வளர்ந்தது. ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் 1847-இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தை வைத்து அது நடத்திய சீட்டுப் பந்தயம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் கால கிளப்புகளில் பந்தயத்துக்கு முந்தைய இரவு முதலில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்தக் குதிரை என்று எடுப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு குதிரையையும் ஏலம் விடுவார்கள். ஏலப் பணமெல்லாம் ஒரே பானையில் சேரும், மறுநாள் ஜெயிக்கும் குதிரையை எடுத்தவருக்குப் பானையில் பெரும்பங்கு. குதிரையை நிஜமாகவே சொந்தமாக வைத்திருப்பவர் வேறு, ஏலத்தில் அதன் ‘உரிமையை’ எடுத்தவர் வேறு.

இதே போன்ற ஏலம் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் பெரிய தொழிலாகவே நடந்தது. அங்கே அதற்கு ‘ஆக்‌ஷன் பூல்’, அதாவது ஏலப் பானை, என்று பெயர். ஏலக்காரர் மேடையில் நின்று குதிரையை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு விலை கேட்பார். அதிகம் கேட்டவர் தனக்குப் பிடித்த குதிரையை எடுத்துக்கொள்வார். அடுத்தவர் அடுத்த குதிரையை. யாருக்கும் வேண்டாத குதிரைகளை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ‘ஃபீல்டு’ என்று விற்றுவிடுவார்கள். ஏலக்காரருக்குக் கமிஷன். தந்தி வசதி பரவியதும் மைதானத்துக்கே போகாமல் நகரத்துக்குள் ‘பூல் ரூம்’களில் உட்கார்ந்து ஏலம் கேட்க ஆரம்பித்தார்கள். குதிரையோடு நிற்கவில்லை. பேஸ்பால், படகுப் போட்டி, கடைசியில் தேர்தல் வரை போனது. 1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் முடிவு தெரியாமல் இழுபறியானபோது, நியூயார்க்கில் பெரிய அளவில் தேர்தல் பூல் நடத்திய ஜான் மோரிஸி (முன்னாள் குத்துச்சண்டை வீரர், நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தவர்) தன் கமிஷனை மட்டும் எடுத்துக்கொண்டு பந்தயப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலம் பூல் விற்பனையைத் தடை செய்தது.

அதே 1877-இல்தான் லூயிவில் நகரத்துப் பேஸ்பால் அணியின் கதை நடந்தது. இதை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

லூயிவில் கிரேஸ் என்ற அந்த அணி ஆகஸ்ட் மாதம் வரை பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றுதான் ஊரே நினைத்தது. திடீரென்று வரிசையாகத் தோற்க ஆரம்பித்தார்கள். பிடிக்க வேண்டிய பந்துகள் கையில் நிற்கவில்லை, எறிய வேண்டிய பந்துகள் எங்கோ போயின. சந்தேகம் வந்த நிர்வாகம் வீரர்களுக்கு வந்த தந்திகளைக் கேட்டு வாங்கிப் படித்தது. பூல்களில் பணம் போட்டவர்களோடு தொடர்பு இருந்தது தெரிந்தது. நான்கு பேருக்கு வாழ்நாள் தடை. அதில் ஒருவர் ஜிம் டெவ்லின். அந்த சீசனில் அணிக்காகப் பந்து வீசியவர் அவர் ஒருவர்தான், எல்லா ஆட்டத்திலும், ஒரு இன்னிங்ஸ் கூட விடாமல். தடைக்குப் பிறகு மீண்டும் விளையாட விடும்படி பலருக்கும் கெஞ்சிக் கடிதம் எழுதினார். ஏதாவது வேலை, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டார். யாரும் இரங்கவில்லை. கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் போலீஸ்காரராக வேலை பார்த்தார். 1883-இல் இறந்துபோனார். முப்பத்து நான்கு வயது.

டெவ்லின் செய்தது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பூல்களை நடத்தியவர்கள், வாங்கியவர்கள், விற்றவர்களின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. விளையாடியவனின் பெயர்தான் நின்றது. பண ஏலத்தில் எப்போதும் இதுதான் நடக்கிறது. லாபம் மைதானத்துக்கு வெளியே இருப்பவருக்கு, அவமானம் உள்ளே இருப்பவருக்கு.

கல்கத்தா என்ற பெயரிலேயே இந்த ஏலம் பிறகு அமெரிக்க கோல்ஃப் கிளப்புகளில் புகுந்தது. உங்கள் நண்பர்கள் பார்த்தது இதைத்தான். போட்டிக்கு முந்தைய இரவு விருந்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் ஏலம் விடுவார்கள். ஆட்டக்காரர் விரும்பினால் தன்னை எடுத்தவரிடம் இருந்து தன்னில் பாதிப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லாஸ் வேகாஸில் 1953-இல் தொடங்கிய சாம்பியன்கள் போட்டியில் இந்த ஏலமே பெரிய கவர்ச்சி. 1955-இல் ஜீன் லிட்லர் என்ற ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்தவர் அன்றைய பிரபல பாடகர் ஃபிராங்கி லேன். லிட்லர் ஜெயித்தார், பாடகருக்குப் பெரும் பணம். செய்தித்தாள்களுக்கு அது ஒரு ஜாலியான கதை.

அதே ஆண்டு நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் டீப்டேல் என்ற கிளப்பில் இன்னொன்று நடந்தது. கோல்ஃபில் பலவீனமான ஆட்டக்காரருக்குச் சலுகை எண் கொடுப்பார்கள், திறமை குறைந்தால் எண் கூடும். உண்மையில் 3 சலுகை உள்ள, அதாவது மிக நன்றாக ஆடும் இருவர், 17, 18 என்று பொய் எண் காட்டி, அதில் ஒருவர் வேறொருவர் பெயரில், இணையாக ஆடி ஜெயித்தார்கள். ஏலப் பானையில் இருந்து 16,000 டாலருக்கு மேல் போனது. விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கல்கத்தா ஏலங்களுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியது, பல கிளப்புகள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. அங்கேயும் ‘எல்லாரும் நம்ம கிளப் ஆட்கள்தான், நண்பர்களுக்குள்தான்’ என்றுதான் தொடங்கியிருந்தார்கள்.

நம் லீக்குகளிலும் இந்தச் சலுகை எண் வேறு வடிவத்தில் வந்துவிட்டது. டிவிஷன் கிரிக்கெட் ஆடிய ஒருவரைச் சகோதரியின் பிளாட்டில் குடியிருப்பவர் என்று பதிவு செய்து, பாயிண்ட் ஏலத்தில் ‘புதுமுகம்’ என்று குறைந்த விலைக்கு எடுத்து, பண ஏலத்தில் அந்த அணியை மலிவாக வாங்கியவர்களைப் பற்றி உங்கள் குழுக்களிலேயே பேச்சு அடிபட்டதே. விளையாட்டு ஆசையில் ஒருவர் விதியை வளைப்பதை நான் புரிந்துகொள்வேன். முப்பது மடங்கு பணத்துக்காக வளைப்பது வேறு.

இந்த இடத்தில் சிலர் கிண்டியைக் காட்டுகிறார்கள். ‘குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே, கிரிக்கெட் அதைவிடத் திறமை சார்ந்ததுதானே’ என்று. அந்தத் தீர்ப்பு எனக்கும் தெரியும். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க தமிழ்நாடு அரசு 1974-இல் ஒரு சட்டம் போட்டது, 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம். வழக்கு டாக்டர் கே.ஆர். லட்சுமணன் பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதைப் படித்துப் பாருங்கள். அது குதிரைப் பந்தயத்தைப் பற்றியது, அதுவும் நம் சட்டங்கள் குதிரைப் பந்தயத்துக்குத் தனியாகக் கொடுத்திருந்த விலக்கை வைத்துப் பேசுகிறது. சென்னை நகரக் காவல் சட்டம் 1888, தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930 இரண்டிலும் பந்தயம் கட்டுவது சூதாட்டத்துக்குள் வரும். வாட்ஸ்அப் கிரிக்கெட் ஏலத்துக்கு அங்கே விலக்கு ஏதும் இல்லை. 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இணையத்தில் பந்தயம் கட்டுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. லாட்டரிச் சீட்டை 2003-இல் முழுதாகத் தடைசெய்த மாநிலம் இது. எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தபிறகு அந்தத் தடை வந்தது என்பது நம் பெற்றோர் தலைமுறைக்குத் தெரியும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வித்தியாசம். கிண்டியில் பணம் கட்டியவர்கள் டோட் கவுண்டரில் சீட்டு வாங்கினார்கள். அந்த முறை ஏலத்துக்கு மாற்றாகவே பரவியது. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் (பின்னாளில் மூலான் ரூஜ் அரங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்) எல்லாருடைய பந்தயப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்களுக்கு அவரவர் போட்ட அளவுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘பாரி மியூச்சுவல்’ முறையைக் கொண்டுவந்தார். ஏலத்தில் ஒரு குதிரை ஒரே பணக்காரருக்குத்தான் போகும், இதில் சின்ன ஆளும் ஒரு சீட்டு வாங்கலாம். அமெரிக்காவில், அதே லூயிவில்லில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஆரம்பத்தில் ஏலப் பூல்தான் இருந்தது. 1908-இல் லூயிவில் நகரம் புக்கிகளைத் தடுத்தபோது, மூலையில் கிடந்த பாரி மியூச்சுவல் இயந்திரங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் அமைத்த, இந்தக் கணக்கைத் தானே போடும் ‘டோட்டலைசேட்டர்’ (சுருக்கமாக டோட்) இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் நம் கிண்டி டோட்டும்.

டோட்டில் ஆயிரம் பேர் ஒரே குதிரை மேல் கட்டியிருப்பார்கள். யார் என்று ஜாக்கிக்குத் தெரியாது, அவர்களுக்கும் ஜாக்கியிடம் போய்ப் பேச வழியில்லை. ஏலத்தில் ஒரு அணிக்கு ஒரே ஒரு ஆள். அவர் யார், எந்த பிளாக், எவ்வளவு போட்டார், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அணியில் ஆடும் பையனோடு அவர் தினமும் ஒரே லிஃப்டில் போகிறார். பந்தய முறைகளிலேயே விளையாடுபவனுக்கு இவ்வளவு பக்கத்தில் பணத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது ஏலம்தான். ‘நம்ம ஆட்கள்தான்’ என்பது என்னைப் பயமுறுத்துவது இதனால்தான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு குடியிருப்பின் அரையிறுதி. கடைசி ஓவர், ஒன்பது ரன் தேவை. லாங் ஆனில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். நான் ஸ்கொயர் லெக்கில் நின்றிருந்தேன். பந்து உயரமாகப் போனது. விளக்கு வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும் பக்கம் அது. பையன் சரியாகத்தான் கீழே வந்து நின்றான். கை குவிந்தது, பந்து உள்ளங்கையில் பட்டு எகிறி, தரையில் விழுந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. நான்கு ரன். அணி தோற்றது. எல்லைக்கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து கத்தினார், “டேய், என் பதினோராயிரம்டா அது!”

பையனுக்குப் புரியவில்லை. அவன் பாயிண்ட் ஏலத்தில் 600 பாயிண்டுக்குப் போனவன், பதினோராயிரம் எங்கிருந்து வந்தது? அவனுடைய அப்பா என்னிடம் வந்து, “என்ன சார் அது பதினோராயிரம்?” என்று கேட்டார். பண ஏலம் நடந்ததே அவருக்குத் தெரியாது. அன்று இரவு அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், ‘வேணும்னே விட்டிருப்பானோ, எதிரணி ஓனர் அவன் மாமாவுக்கு ஃபிரெண்டு’ என்று போட்டார். அடுத்த நாள் அந்தச் செய்தி ஸ்க்ரீன்ஷாட்டாகப் பையனின் வகுப்புத் தோழர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. கிட் பேக் கிளப் ஹவுஸ் அலமாரியிலேயே கிடந்தது.

கேட்ச் விடுவது கிரிக்கெட்டில் சாதாரணம். உலகக் கோப்பையிலும் விடுகிறார்கள். அதைத் திட்டலாம், கிண்டல் செய்யலாம், அடுத்த நாள் மறந்துவிடலாம். பணம் வந்ததும் அது முடியாமல் போகிறது. பிடித்தாலும் சந்தேகம், விட்டாலும் சந்தேகம். லூயிவில்லில் உண்மையாகவே விட்டார்கள். இங்கே உண்மையாகவே கண்ணில் வெளிச்சம் பட்டது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அந்தப் பையனுக்கு அதை நிரூபிக்க எந்த வழியும் இல்லை.

‘ஐபிஎல் இருக்கிறதே’ என்ற வாதத்துக்கும் வருகிறேன். 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்தது நமக்கெல்லாம் மனப்பாடம். நம் பாயிண்ட் ஏலங்களின் ஆசையே அங்கிருந்து வந்ததுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த 15 லட்சம் தோனியின் சம்பளம். ஏலத்தில் விழும் விலை ஆடுபவருக்குப் போகிறது. உங்கள் பண ஏலத்தில் ஆடுபவருக்கு ஒரு ரூபாய் போகாது. வெயிலில் நிற்பவன் ஒருவன், பானையை எடுத்துப் போகிறவர் இன்னொருவர். அப்புறம் அதே ஐபிஎல்லில், அணியின் நிர்வாகத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் பந்தயம் கட்டியது நிரூபணமாகி, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை அணியை இரண்டு ஆண்டு இடைநீக்கம் செய்தது. 2016, 2017 இரண்டு சீசனும் சேப்பாக்கம் வெறிச்சோடியது. மஞ்சள் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்துக் காத்திருந்த ஊர் நாம். ஆடிய வீரர்கள் யாரும் செய்யாததற்கு, பார்த்த ரசிகர்கள் யாரும் செய்யாததற்கு, எல்லாரும் சேர்ந்து தண்டனை அனுபவித்தோம்.

எனக்கு ஏலத்தின் மேல் பகை இல்லை. காசிமேட்டில் விடியும் முன்பு மீன் ஏலம் போகிறது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்துக்கு எலுமிச்சம்பழத்தையே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் ஏலச்சீட்டு போட்டு நகை வாங்கியவர்கள்தான். ஏலச்சீட்டில் அதிகமாகத் தள்ளுபவருக்கு இந்த மாதம் பணம், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை நிச்சயம் வரும். யாரும் மொத்தமாக இழப்பதில்லை. பண ஏலத்தில் எட்டுப் பேர் போட்டு ஆறு பேர் வெறுங்கையோடு போகிறார்கள். அந்த ஆறு பேரும் அதே மைதானத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் வந்து, செயலிகளில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் நின்றுபோயின. அந்தப் பழக்கத்தை விட முடியாத சிலர்தான் அதை நம் லீக்குக்குள் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களில் சிலர் என் நண்பர்கள். ஆனால் அந்தப் பழக்கத்துக்குக் குடியிருப்பின் மைதானத்தையும், சங்கத்தின் பெயரையும், நம் பிள்ளைகளையும் கொடுக்க முடியாது.

‘அது தனிக் குழு, லீக் கமிட்டிக்குச் சம்பந்தமில்லை’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அணிப் பட்டியல் உங்களிடம் இருந்துதான் அங்கே போகிறது. முடிவை அறிவிப்பவர் நீங்கள். பத்து சதவீதம் உங்கள் பிரியாணிக்கு வருகிறது. அந்தப் பத்து சதவீதத்தை முதலில் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரியாணிக்குப் பதிவுக் கட்டணத்தில் வீட்டுக்கு நூறு ரூபாய் ஏற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். அணி ஓனர், கேப்டன், அம்பயர், ஸ்கோரர் யாரும் லீக்கின் எந்த அணி மேலும் பணம் போடக் கூடாது, போட்டது தெரிந்தால் அந்த சீசனுக்கு இடமில்லை என்று விதியில் எழுதுங்கள். பாதிப் பங்கு வாங்கிக்கொள்ளச் சொல்லி கேப்டன்களுக்கு வரும் அழைப்பையும் அதிலேயே தடுத்துவிடுங்கள். கோல்ஃபில் அதை நேர்மையின் அடையாளமாக நினைத்தார்கள். ஆனால் தன் அணி மேல் பணம் போட்ட கேப்டன், கடைசி ஓவரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, தோற்றுப்போனால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், இது பண ஏலம் இல்லாத லீக்குகளுக்கும் பொருந்தும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை பாயிண்ட் ஏலத்தில்கூட வைக்காதீர்கள். படத்தைத் திரையில் போட்டு, யாரும் கை தூக்காமல் மைக்கில் ‘அன்சோல்ட்’ என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை அதே ஹாலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பதின்மூன்று வயதுப் பையன் அந்த வார்த்தை கேட்டதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி ஹாலுக்குள் வரவில்லை. பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி அணிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். அணிக்கு இரண்டு பேர் கட்டாயம், ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு ஓவர் போட வேண்டும் அல்லது முதல் ஐந்து இடத்துக்குள் இறங்க வேண்டும் என்று வைத்தால், எந்த கேப்டனும் அவர்களைச் சும்மா பெஞ்சில் உட்கார வைக்க முடியாது.

பண ஏலம் இல்லை என்று எழுத்தில் அறிவிக்கும் எந்த லீக்குக்கும் அடுத்த சீசன் முழுவதும் கட்டணம் வாங்காமல் அம்பயரிங் செய்யத் தயாராக இருக்கிறேன். என்னோடு நிற்கும் மற்ற அம்பயர்கள் சிலரும் சம்மதித்திருக்கிறார்கள். ஏலம் நடக்கும் லீக்கில் நாங்கள் நிற்கப்போவதில்லை. பொங்கல் முடிந்ததும் பதிவு தொடங்குவீர்கள். அதற்கு முன்பே விதித்தாளில் இந்த வரியைச் சேர்த்து, எல்லா வீட்டுக்கும் போகும் பொதுக் குழுவில் போட்டுவிடுங்கள். அந்தப் பையனின் அப்பாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் லீக்குகளில் நிற்கும் ஒரு அம்பயர்
சென்னை